19 டாலர் பாட்டிலை மறுபடியும் திறந்தேன்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "20 டாலருக்குக் கீழே கிடைக்கும் போர்பன் விஸ்கிகள், எவான் வில்லியம்ஸ் மாதிரியானவை, கோலாவில் கலக்கத்தான் லாயக்கு" என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தேன். போர்பன் என்றால் மக்காச்சோளத்தை அடிப்படையாக வைத்துச் செய்யும் அமெரிக்க விஸ்கி. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், மற்ற எல்லாப் பதில்களுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். சிலர் கோபமாக, சிலர் அக்கறையாக, ஒருவர் ஐந்து பக்கத்துக்கு. எல்லாவற்றையும் படித்துவிட்டு, நான் இருக்கும் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலேயே ஒரு கடைக்குப் போய் அந்த பாட்டில்களை வாங்கி வந்து, மூன்று வாரம் நிதானமாகக் குடித்துப் பார்த்தேன். அதனால் இந்த மாதம் முழுக்க அந்த விஸ்கியைப் பற்றிய கடிதங்கள்தான்.

கேள்வி (நியூஜெர்சி வாசகர்): பத்து வருஷமாக நான் எவான் வில்லியம்ஸ் குடிக்கிறேன், அதுவும் தண்ணீர்கூடக் கலக்காமல். கோலாவில் கலக்கத்தான் லாயக்கு என்று எழுதிவிட்டீர்களே, நீங்கள் அதைக் கடைசியாகக் குடித்தது எப்போது சார்?

நியாயமான கேள்வி. கடைசியாகக் குடித்தது 2009ல். ஒரு நண்பர் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில், பிளாஸ்டிக் டம்ளரில், பாதிக்கு மேல் கோலா ஊற்றி, பேச்சு மும்முரத்தில் குடித்தது. அன்றைக்கு என் நாக்கு பார்த்தது கோலாவைத்தான், விஸ்கியை இல்லை. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரு சரக்கை ஒதுக்கி வைத்திருந்தேன், ஒதுக்கியதோடு நிற்காமல் அச்சிலும் ஏற்றிவிட்டேன். அது தப்பு. உங்களிடமும், இதையே எழுதிக் கேட்ட மற்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

சரி, இந்தத் தடவை என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பாட்டிலையும் விலையையும் பார்த்துக் குடித்தால் கண்தான் தீர்ப்பு எழுதும், நாக்கு பின்னால் நின்று தலையாட்டும். அதனால் இண்டியானாபொலிஸிலிருந்து வந்திருந்த என் மச்சானை ஊற்றச் சொன்னேன். ஒரே மாதிரியான நான்கு சின்னக் கண்ணாடிக் கிளாஸ், ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுப்பட்டையில் ஓர் எண், ஒவ்வொன்றிலும் 15 மில்லி. எவான் வில்லியம்ஸ் கறுப்பு லேபிள் ஒன்று, அதன் வெள்ளை லேபிள் ஒன்று, அதே ஆலையின் எலைஜா கிரெய்க் ஒன்று, நான்காவது நான் 60 டாலர் கொடுத்து வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த வேறொரு பாட்டில். எது எதில் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நடுநடுவே தண்ணீர் குடித்து, வெறும் பொரியை மென்று வாயைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, மகனுடைய பழைய நோட்டில் குறிப்பு எழுதினேன்.

என் வரிசையில் முதலில் எலைஜா கிரெய்க் வந்தது. இரண்டாவதாக வந்த கிளாஸை, இதுதான் 60 டாலர் பாட்டில், சந்தேகமே இல்லை என்று அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். மச்சான் கிளாஸைத் திருப்பிக் காட்டினார். அது 19 டாலர் கொடுத்து வாங்கிய வெள்ளை லேபிள். 60 டாலர் பாட்டில் மூன்றாவது. கறுப்பு லேபிள் நான்காவது, ஆனால் கோலாவில் கொட்ட மனம் வராத நான்காவது. ஒரு வாரம் விட்டு, வரிசையை மாற்றி மறுபடியும் செய்தோம். அன்றைக்கு வெள்ளை லேபிள் முதலில் வந்தது, எலைஜா கிரெய்க் இரண்டாவது. இரண்டு நாளும் 60 டாலர் பாட்டில் அந்த 19 டாலர் பாட்டிலைத் தாண்டவில்லை.

கேள்வி (டாலஸ் வாசகி): விஸ்கி பற்றி எழுதுகிற எல்லாரும் வெனிலா, கேரமல், ஓக் என்று மூன்று வார்த்தையை வைத்தே ஓட்டுகிறார்கள். இது உண்மையில் எப்படி இருக்கும்? நம் ஊர் ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

கடலைமிட்டாய். நோட்டில் நான் முதலில் எழுதிய வார்த்தையே அதுதான். வெள்ளை லேபிளை ஊற்றியவுடன் மூக்கை உள்ளே விட்டால் சாராய நெடி சுள்ளென்று ஏறும், அதனால் உடனே மோந்து பார்க்க வேண்டாம். பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிட்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பாருங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பொட்டலத்தைப் பிரித்த கையோடு வரும் வாசம் இருக்கிறதே, வறுத்த நிலக்கடலையும் முற்றிய வெல்லப்பாகும் சேர்ந்து, அது அப்படியே வரும். அதன் பின்னால் சுட்ட மக்காச்சோளம், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்.

வாயில் விட்டால் முதலில் இனிப்பு, ஆனால் சர்க்கரை இனிப்பு இல்லை, பாகு காய்ச்சும்போது ஓரத்தில் சற்றுக் கருகிப்போன இடத்தின் இனிப்பு. அப்புறம் நாக்கின் இரண்டு பக்கமும் பட்டையும் மிளகும் போல ஒரு காரம் ஏறுகிறது. விழுங்கிய பிறகு கடைசியில் தங்குவது துவர்ப்பு. கொட்டைப்பாக்கை மென்று துப்பிய பிறகு கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பின் தம்பி. அது ஓக் மரத்திலிருந்து வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். இந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் இவ்வளவு இனிப்பும் திகட்டிவிடும்.

நீங்கள் அலுத்துக்கொண்ட வெனிலாவுக்கும் ஒரு நியாயம் உண்டு. அது யாரும் எசென்ஸ் ஊற்றி வருவதல்ல, மரத்திலேயே இருக்கிறது. ஓக் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது வெனிலின் உண்டாகிறது, வெனிலா காயில் இருப்பதும் அதே பொருள்தான். பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கும்போது மரச்சர்க்கரையும் பாகாகிறது. கென்டக்கி வெயிலில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும், இப்படிப் பல வருஷம் போய் வந்து இதையெல்லாம் கரைத்துக்கொள்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். வெள்ளை லேபிளில் ஓரமாகக் கொஞ்சம் பச்சை மர வாசம் இருக்கிறது, தச்சுப் பட்டறையில் இழைப்புளி ஓட்டும்போது வருமே அது. இன்னும் இரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்திருந்தால் போயிருக்கும். கறுப்பு லேபிளில் இந்தக் குறை அவ்வளவு தெரியவில்லை, ஆனால் நிறைவும் இல்லை. நல்ல குழம்பில் ஒரு கரண்டி தண்ணீர் கூடிப்போன மாதிரி. வாசனை எல்லாம் இருக்கிறது, விழுங்கியதும் எல்லாம் சேர்ந்து கிளம்பிப் போய்விடுகிறது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): கறுப்பு லேபிள், வெள்ளை லேபிள் என்கிறீர்கள். வெள்ளையில் "பாட்டில்டு இன் பாண்ட்" என்று போட்டிருக்கிறதாம். அது விளம்பர வார்த்தையா, இல்லை உண்மையிலேயே ஏதாவது அர்த்தம் உண்டா?

அது சட்டம். ஒரு பாட்டிலில் அந்த வார்த்தையைப் போட வேண்டும் என்றால், உள்ளே இருப்பது ஒரே ஆலையில், ஒரே வடிப்புப் பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். பருவம் என்றால் ஜனவரி முதல் ஜூன் வரை ஒன்று, ஜூலை முதல் டிசம்பர் வரை ஒன்று. குறைந்தது 4 வருஷம் அரசு மேற்பார்வையில் உள்ள கிடங்கில் ஊறியிருக்க வேண்டும். சரியாக 50 சதவீத ஆல்கஹாலில் பாட்டிலில் அடைக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, தண்ணீரைத் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. எந்த ஆலையில் வடித்தது என்று லேபிளில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தச் சட்டம் வந்த காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் விஸ்கி என்ற பெயரில் விற்றதில் நிறைய கலப்படம். வெறும் ஸ்பிரிட்டில் நிறத்துக்கும் காரத்துக்கும் எதையெதையோ சேர்த்து, புகையிலையும் அயோடினும்கூடச் சேர்த்து, பழைய போர்பன் என்று விற்றார்கள். நாணயமாக நாலு வருஷம் காத்திருந்து விற்றவருக்கு அதனால் பிழைப்பே கஷ்டம். கென்டக்கி ஆலை முதலாளி எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர், அப்போது நிதியமைச்சராக இருந்த அதே மாநிலத்துக்காரர் ஜான் கார்லைல், இவர்கள் முயற்சியில் சட்டம் உருவானது. 1897 மார்ச் 3 அன்று அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் கையெழுத்துப் போட்டார். சுத்தமான உணவு, மருந்துச் சட்டம் அங்கே 1906ல்தான் வந்தது. அதற்கு 9 வருஷம் முன்பே, பாட்டிலுக்குள் இருப்பதற்கு அரசாங்கம் பொறுப்பேற்ற பொருள் இது. அந்தக் காலத்தில் பாட்டில் வாயில் பச்சை நிறத்தில் அரசு முத்திரை ஒட்டியிருப்பார்கள்.

கறுப்பு லேபிள் 43 சதவீதம். ஒரு காலத்தில் அதில் 7 வருஷம் ஊறியது என்று வயது போட்டிருந்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே தானியக் கலவைதான், ஆனால் வெள்ளையில் தண்ணீர் குறைவு. என் கணக்கில் வித்தியாசம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

லேபிளில் 1783 என்று ஒரு வருஷம் போட்டிருக்கும். அந்த வருஷம் எவான் வில்லியம்ஸ் என்பவர் லூயிவில்லில் கென்டக்கியின் முதல் வணிக வடிசாலையைத் தொடங்கினார் என்பது கம்பெனி சொல்லும் கதை. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. இந்தப் பெயரில் விஸ்கி விற்பனைக்கு வந்தது 1957ல்.

கேள்வி (சென்னை வாசகர்): இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? நிறமும் வாசனையும் சேர்த்துத்தானே விற்பார்கள்? இங்கே ஒரு பாட்டில் அமெரிக்க விஸ்கி வாங்குவதற்குள் பர்ஸ் காலியாகிறது.

சேர்க்க முடியாது, சட்டம் விடாது. போர்பன் என்று பெயர் போட வேண்டும் என்றால் அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும், தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும், நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. ஸ்காட்ச் விஸ்கியில்கூட நிறத்துக்குக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு, போர்பனுக்குக் கிடையாது. நம் ஊர்க் கடைகளில் விஸ்கி என்று வாங்குவதில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். அந்த அனுபவத்தில் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் அமெரிக்காவில் ரொம்ப மலிவான போர்பனும் இந்தச் சட்டத்துக்குள்தான் வர வேண்டும். என் பழைய தீர்ப்பு தப்பான முதல் இடம் இதுதான், விலை குறைந்தால் தயாரிப்பிலும் குறுக்கு வழி இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எவான் வில்லியம்ஸ் செய்வது ஹெவன் ஹில் என்ற கம்பெனி. 1935ல் தொடங்கியது, இன்றும் ஷபீரா குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ரை என்ற தானியம் கலந்த அவர்களுடைய போர்பன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கலவை: 78 சதவீதம் மக்காச்சோளம், 10 சதவீதம் ரை, 12 சதவீதம் முளைகட்டிய பார்லி. எவான் வில்லியம்ஸும் அதுதான், அதைவிட விலை கூடிய எலைஜா கிரெய்க்கும் அதுதான், 10 வருஷம் ஊறும் ஹென்றி மெக்கென்னாவும் அதுதான். எத்தனை வருஷம் ஊறியது, கிடங்கில் எந்த மாடியில் கிடந்தது, கடைசியில் எவ்வளவு தண்ணீர் சேர்த்தார்கள், இதில்தான் பிரிகிறார்கள். ஒரே மாவில் ஊற்றிய இட்லியும் தோசையும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நாள் எலைஜா கிரெய்க்கை வெள்ளை லேபிள் தாண்டியதில் அதனால் பெரிய ஆச்சரியம் இல்லை, கூடப்பிறந்தவர்கள்தானே.

இந்த ஹென்றி மெக்கென்னா கதையைக் கேளுங்கள். கென்டக்கிக் கடைகளில் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்காமல், நியாயமான விலைக்கு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நின்றுகொண்டிருந்த பாட்டில். 2019ல் சான் பிரான்சிஸ்கோ உலக மதுபானப் போட்டியில் மொத்த விஸ்கிகளிலும் சிறந்தது என்று பட்டம் வாங்கியது. அவ்வளவுதான், அலமாரிகள் காலி, விலை எகிறியது. பாட்டிலுக்குள் இருந்த விஸ்கி முதல் நாள் இருந்த அதே விஸ்கிதான். அதே கம்பெனி இங்கே 6 வருஷம் ஊறிய பாண்டட் விஸ்கி, அதாவது பாட்டில்டு இன் பாண்ட் விஸ்கி, ஒன்றை 15 டாலருக்கும் குறைவாக, கென்டக்கியில் மட்டும், விற்றுக்கொண்டிருந்தது. 2018ல் அதை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் 7 வருஷ விஸ்கியாக, அலங்கார பாட்டிலில், 40 டாலர் சுமாருக்குத் திரும்பி வந்தது. இங்கே பலருக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை, எனக்கும்தான்.

உங்கள் பர்ஸ் காலியாவதற்குக் காரணம் வரி. இந்தியா இறக்குமதி மதுவுக்கு 150 சதவீதம் சுங்க வரி போட்டிருந்தது, 2025 பிப்ரவரியில் போர்பனுக்கு மட்டும் அதை 100 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் மாநில வரியும் கடை லாபமும். நான் மலிவு, மலிவு என்று எழுதுவது அமெரிக்கக் கடை விலையை வைத்துத்தான். சென்னையில் இரண்டு மூன்று மடங்கு கொடுத்து இதைத் தேடி வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். அந்தப் பணத்துக்குப் பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட் பக்கம் போகலாம். அதிலும் போர்பனின் கை உண்டு. புதுப் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற சட்டத்தால் போர்பன் ஆலைகள் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்களை விற்றுவிடுகின்றன. அவை ஸ்காட்லாந்துக்கும் போகின்றன, பெங்களூருக்கும் வருகின்றன.

கேள்வி (டொரொண்டோ வாசகர்): அந்த ஹெவன் ஹில் ஆலை ஒருமுறை எரிந்துபோனது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. 1996 நவம்பர் 7, கென்டக்கியில் பார்ட்ஸ்டவுன் என்ற ஊர். பலமான காற்றடித்த நாள். ஒரு கிடங்கில் தீப்பிடித்தது. மரச்சட்டத்தில் அடுக்கடுக்காகப் பீப்பாய் நிற்கிற கிடங்கு, உள்ளே இருப்பதோ சாராயம், யோசித்துப் பாருங்கள். காற்று தீயை அடுத்தடுத்த கிடங்குகளுக்குத் தூக்கிக்கொண்டு போனது. பீப்பாய்கள் வெடித்து எரிகிற விஸ்கி சரிவில் ஆறு மாதிரி இறங்கி வடிசாலையையும் பிடித்துக்கொண்டது. 7 கிடங்கும் வடிசாலையும் போயின, சுமார் 90,000 பீப்பாய் விஸ்கி எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. ஜிம் பீமும் பிரவுன் ஃபார்மனும் போட்டிக் கம்பெனிகள், அவர்கள்தான் ஹெவன் ஹில்லுக்காகத் தங்கள் ஆலையில் வடித்துக் கொடுத்தார்கள். 1999ல் லூயிவில்லில் உள்ள பெர்ன்ஹைம் ஆலையை ஹெவன் ஹில் வாங்கியது. வெள்ளை லேபிள் பாட்டிலில் பொடி எழுத்தில் பாருங்கள், ஆலைகளின் அரசுப் பதிவு எண்கள் இருக்கும்: வடித்தது டி.எஸ்.பி. கே.ஒய். 1, அடைத்தது டி.எஸ்.பி. கே.ஒய். 31. முன்னது பெர்ன்ஹைம், பின்னது பார்ட்ஸ்டவுன். வடித்த ஆலையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற 1897ஆம் வருஷச் சட்டம், அந்தத் தீயின் கதையையும் இரண்டு எண்ணில் பாட்டில் மேல் எழுதி வைத்துவிட்டது.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): ஜாக் டேனியல்ஸும் போர்பன்தானே?

சட்டப்படி பார்த்தால் போர்பனுக்கு உரிய தகுதி எல்லாம் அதற்கும் உண்டு, ஆனால் அவர்கள் டென்னசி விஸ்கி என்றுதான் போடுகிறார்கள். வடித்த சாராயத்தைப் பீப்பாயில் ஊற்றுவதற்கு முன் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள், அதுதான் வித்தியாசம்.

கேள்வி (நியூஜெர்சி, வேறொரு வாசகர்): 50 சதவீதம் என்கிறீர்கள், தொண்டை எரியாதா? தண்ணீர் சேர்த்தால் விஸ்கியை அவமதிப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் விஸ்கி, உங்கள் தொண்டை. தாராளமாகச் சேருங்கள். ஆலையிலேயே தண்ணீர் சேர்த்துத்தான் 50க்குக் கொண்டுவருகிறார்கள், அவர்கள் சேர்த்தால் தொழில், நீங்கள் சேர்த்தால் அவமதிப்பா? நான் வெள்ளை லேபிளில் 30 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விடுகிறேன். கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட கறுப்பு லேபிளின் அளவுக்கு வந்து நிற்கும், 43 சதவீதம். அப்படி இறக்கிய வெள்ளையையும் கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தேன், வெள்ளைதான் கனமாக இருந்தது. முக்கால்வாசி வித்தியாசம் தண்ணீரில் என்று மேலே சொன்னேன் அல்லவா, மிச்சக் கால்வாசி இதுதான்.

தண்ணீர் விட்டால் வாசனை கூடுவதற்கும் காரணம் சொல்லியிருக்கிறார்கள். 2017ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் கணக்கிட்டு, குவாயகால் என்ற மணப்பொருள் ஆல்கஹால் அதிகமாக இருக்கும்போது உள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது, தண்ணீர் சேர்ந்து ஆல்கஹால் குறையும்போது மேல்பரப்புக்கு வருகிறது என்று காட்டினார்கள். ஐஸ் வேறு விஷயம். குளிர்ந்தால் எரிச்சல் அடங்கும், வாசனையும் சேர்ந்து அடங்கும். கடலைமிட்டாய் வேண்டும் என்றால் ஐஸ் வேண்டாம்.

இன்னொன்று. பாட்டிலைத் திறந்த அன்று ஊற்றிய முதல் கிளாஸை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல் நாள் என் நோட்டில் "மரம் தூக்கல், நெடி" என்றுதான் இருக்கிறது. மூன்றாம் வாரம், பாட்டில் கால்வாசி இறங்கியிருந்தபோது, அதே நோட்டில் "மரம் எங்கே போனது?" என்று எழுதியிருக்கிறேன். உள்ளே காற்றுப் பட்டதாலா, என் நாக்கு பழகியதாலா என்று நண்பர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. இரண்டும்தான் என்பது என் கட்சி.

கேள்வி (மதுரை வாசகி): உங்கள் பகுதியை என் மகளும் படிக்கிறாள். குடியால் அண்ணனைப் பறிகொடுத்தவள் நான். மதுவைப் பற்றி இவ்வளவு ரசித்து எழுதத்தான் வேண்டுமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். உங்கள் அண்ணனுக்கு நேர்ந்ததற்கு நான் எழுதக்கூடிய எந்த வார்த்தையும் ஈடாகாது.

குடிக்காதவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது, உடம்புக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு பெக் இதயத்துக்கு நல்லது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்ததை நம்பி நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன், அதையும் இங்கே திரும்பப் பெறுகிறேன். குடிக்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு. அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால். 40 சதவீத விஸ்கியில் அது 44 மில்லி. நான் இந்த மாதம் புகழ்ந்த 50 சதவீத வெள்ளை லேபிளில் சுமார் 35 மில்லியிலேயே அது வந்துவிடும். பழக்கத்தில் கை சாய்க்கிற அளவுக்கு ஊற்றினால் ஒன்று என்று நினைத்து ஒன்றரை, இரண்டு குடித்திருப்பார்கள். அதனால் நான் அளவுக் கிண்ணம் இல்லாமல் ஊற்றுவதில்லை. விலை மலிவு என்பது இந்த இடத்தில் ஆபத்தும்கூட, இதே சரக்கு கைப்பிடி வைத்த 1.75 லிட்டர் பாட்டிலிலும் வருகிறது, நான் அதை வாங்குவதே இல்லை.

ஏன் எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். குடிக்கிற நம் ஆட்கள் பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தேன், மருந்து மாதிரி, ஒளிந்துகொண்டு, போதைக்காக மட்டும். 15 மில்லியை அரைமணி நேரம் வைத்துக்கொண்டு அதில் என்ன வாசனை என்று தேடலாம் என்பது எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அப்படிக் குடிக்க ஆரம்பித்த பிறகு நான் குடிப்பது குறைந்தது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன், நிறுத்த முடியாதவர்களுக்கு ரசனை மருந்தில்லை, அவர்களுக்கு மருத்துவர்தான் வேண்டும். உங்கள் மகள் இந்தப் பக்கத்தைப் படித்தால், தயவுசெய்து இந்தப் பதிலையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (அட்லாண்டா வாசகர்): கடைசியாக, எதை வாங்கட்டும்? எங்கள் பக்கத்துக் கடையில் வெள்ளை லேபிள் இல்லை.

இருந்தால் வெள்ளை லேபிள், கறுப்பைவிட சில டாலர்தான் கூட. இல்லையென்றால் வைல்ட் டர்க்கி 101 இருக்கிறதா பாருங்கள், 50.5 சதவீதம், இனிப்பு குறைவு, காரம் கூடுதல். அதுவும் இல்லையென்றால் ஓல்ட் கிராண்ட்டேட் பாண்டட், அதில் ரை 27 சதவீதம், அதனால் மிளகுக் காரம் நன்றாகத் தெரியும். கறுப்பு லேபிள்தான் கிடைத்தது என்றால் அதையும் வாங்கலாம், சோடா ஊற்றி ஆரஞ்சுத் தோலை ஒரு தடவை கிள்ளிப் போடுங்கள். வெறும் கிளாஸில் காணாமல் போன அந்தக் கடலைமிட்டாய் வாசம் சோடாவில் மேலே வருகிறது, எப்படி என்று தெரியாமலே நேற்று இரண்டாவது தடவையாகச் செய்து பார்த்தேன், வந்தது.